மலரக்கா எந்தப் பக்கத்தில் வருவார்?

நேற்றுப் பின்னேரம் மகள் ரியூசனிலிருந்து வந்து ஒரு தாள்கட்டை மேசையில் எறிந்தாள். அப்போதுதான் போட்டோக்கொப்பி எடுத்த தாள்கள், தொட்டால் இன்னும் இளஞ்சூடு. அந்த மை வாசம் மூக்கில் ஏறியதும் எனக்குப் பசித்தது. சிரிக்காதீர்கள். மழை வாசத்துக்கும் மல்லிகை வாசத்துக்கும் மனம் உருகுகிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு வாய்த்தது மெசின் வாசம். பரந்தன் சந்தியில் ஒரு அச்சகத்தில், அந்த வாசத்துக்குள் இருந்துதான் சில வருடங்கள் மத்தியானச் சோற்றுப் பார்சலைப் பிரித்தேன்.

தாளில் தலைப்புப் பெரிதாக இருந்தது: எழுத்தில் கருத்துகளை ஒழுங்கமைக்கும் முறைகள். அதன் கீழே கால ஒழுங்கு, காரண காரிய ஒழுங்கு, ஒப்பீட்டு ஒழுங்கு, பிரச்சினையும் தீர்வும் என்று அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் உதாரணம் கேட்டிருந்தார்கள். மகள் வழக்கம்போலக் கைபேசியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"என்னட்டைக் கேக்கலாம்தானே," என்றேன்.

"உங்களுக்கு இது தெரியுமோ அப்பா?"

"தெரியுமோவோ? இதிலதான் நான் உழைச்சுச் சாப்பிட்டனான்."

"நீங்கள் அங்க புத்தகம் மடிச்சனீங்கள் எண்டுதான் அம்மா சொன்னவா."

குசினிக்குள் கரண்டிச் சத்தம் சட்டென்று நின்றது. மடித்தது உண்மைதான். மடிப்பதற்கு முன் அதை எழுதியவனும் நான்தான் என்பதை இந்த வீட்டில் ஒருவரும் பொருட்டாக எடுப்பதில்லை. அவர்கள் எடுக்காவிட்டால் என்ன, உங்களுக்குச் சொல்கிறேன்.

நாங்கள் அச்சடித்தது பெரும்பாலும் கல்வெட்டு. கல்வெட்டு என்றதும் அரசர்களையும் உளியையும் நினைத்துவிட வேண்டாம். எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்களின் கையில் ஒரு சிறு புத்தகம் கொடுப்பார்கள். அதற்குத்தான் அந்தப் பெயர். யுத்தம் முடிந்து மீள்குடியேறிய புதிதில் வீட்டுக்குக் கூரை இல்லாதவர்கள்கூட கல்வெட்டை விட்டுக்கொடுக்கவில்லை. இடம்பெயர்ந்து ஓடிய காலத்தில் செத்தவர்களுக்கு ஒன்றும் செய்ய முடியாமல் போன கவலையோ என்னவோ, அந்த வருடங்களில் சாவு ஒழுங்காக நடந்தாலே சனத்துக்கு ஒரு நிம்மதி இருந்தது.

கல்வெட்டின் ஒழுங்கை ஆண்டவனாலும் மாற்ற முடியாது. முதலில் படம், பிறகு இறந்த நாளைச் சொல்லும் திதி வெண்பா, பிறகு ஒரு பதிகம், பிறகு வாழ்க்கை வரலாறு. அதன் பின்னால் புலம்பல்கள் வரும். மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரர் புலம்பல். உயிரோடு இருந்தபோது மாமனாரின் முகத்தைப் பார்க்காத மருமகனும் இங்கே வந்து எதுகை மோனையோடு அழுவார். கடைசிப் பக்கத்தில் நன்றி நவிலல். ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனவர், பந்தல் போட்டவர், தொலைபேசியில் துக்கம் விசாரித்தவர் எல்லோருக்கும் நன்றி சொல்லி, கீழே 'இங்ஙனம்' என்று போட்டு வீட்டாரின் பெயர்களை வரிசையாக அடுக்குவோம்.

எங்கள் முதலாளியின் கொம்பியூட்டரில் இரண்டு கோப்புகள் இருந்தன. ஒன்றின் பெயர் 'அப்பா', மற்றதன் பெயர் 'அம்மா'. வன்னியில் அந்த நாட்களில் இறந்த எல்லோரும் இந்த இரண்டில் ஒன்றுக்குள்தான் போனார்கள். 'அப்பா'வில் வருகிறவர் ஒழுக்கசீலர், இன்முகத்தர், வந்தாரை வரவேற்பவர். 'அம்மா'வில் வருகிறவர் விருந்தோம்பலில் சிறந்தவர், கணவனின் குறிப்பறிந்து நடந்தவர். நான் சேர்ந்த புதிதில் இளரத்தம் கொதித்து, ஆளுக்கு ஆள் வித்தியாசமாக எழுதினால் என்ன என்று கேட்டேன். முதலாளி என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"தம்பி, சனம் வித்தியாசமாத்தான் சீவிக்குது. ஆனால் சாகேக்க எல்லாம் ஒரே மாதிரித்தான் சாகுது. நீ பேரை மட்டும் மாத்து."

முதலாளியைப் பற்றி ஒரு வார்த்தை. சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பேனை வைத்திருப்பார், இரண்டும் எழுதாது. வாழ்க்கையில் அவர் அஞ்சியது இரண்டே விடயங்களுக்குத்தான். ஒன்று, மின்வெட்டு. மற்றது, பக்கக் கணக்கு. தாளை மடித்தால் நாலு நாலாகத்தான் பக்கம் வரும். ஆகவே புத்தகம் பன்னிரண்டோ பதினாறோ இருபதோ, நாலால் பிரிபட வேண்டும். ஒரு பக்கம் வெறுமையாகக் கிடந்தால் செத்த வீட்டுச் சனம் அதைப் பார்த்து, அடுத்தது ஆருக்கு என்று கேட்கும் என்பது அவருடைய நம்பிக்கை. பக்கம் குறைந்தால் இன்னொரு பதிகத்தைப் போட்டு நிரப்புவார். கூடினால் பேரர்களின் அழுகையைக் குறைப்பார்.

இப்படி இருக்கும்போதுதான் பூநகரிச் சிவஞானத்தார் இறந்தார்.

அவருடைய ஒரே மகன் சுதன் கனடாவிலிருந்து தொலைபேசியில் அழைத்தார். பதினேழு வயதில் இங்கிருந்து போனவர். அந்தியேட்டிக்கு வருவதாகவும், கல்வெட்டு வடிவாக வர வேண்டும் என்றும் சொன்னார். எல்லாம் சொல்லி முடித்த பிறகுதான் விடயத்துக்கு வந்தார்.

"அண்ணை, ஒரு விசயம். அங்க அப்பாவோட ஒரு அம்மா இருக்கிறா. அவாவை இதுக்குள்ள கொண்டு வர வேண்டாம். அம்மான்ர ஆக்கள் எல்லாரும் பாப்பினம்."

முதலாளி 'ஓம் ஓம்' என்று வைத்துவிட்டார். அவருக்கு அது பெயர் மாற்றுவதுபோல ஒரு சின்ன வேலை.

இரண்டு நாள் கழித்து அந்த அம்மாவே வந்துவிட்டார். பூநகரியிலிருந்து பஸ் கிடைப்பது எவ்வளவு பாடு என்று அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். விடியக் காத்து நின்று ஏறி, புழுதியோடு வந்து இறங்கியிருந்தார். பெயர் மலர். ஊர் அவரை மலரக்கா என்று கூப்பிட்டது. சிவஞானத்தாரின் மனைவி நோயில் போய் வருடங்கள் ஆகியிருந்தன. மலரக்காவின் புருசன் கடலுக்குப் போய்த் திரும்பவில்லை, பிள்ளையும் இல்லை. இருவரும் இடம்பெயர்ந்த இடத்தில், அடுத்தடுத்த தறப்பாள் கொட்டிலில் இருந்தவர்கள். ஊருக்குத் திரும்பும்போது ஒரே லான்ட்மாஸ்டர் உழவு மெசினில் ஒரே வீட்டுக்குத் திரும்பினார்கள். கலியாணப் பதிவுக்குப் போனால் பிறப்புச் சான்றிதழ் கேட்பார்கள், அதுவோ ஓடிய வழியில் எங்கேயோ போய்விட்டது. எடுப்போம், பிறகு எடுப்போம் என்று இருந்து, எடுக்காமலே காலம் போய்விட்டது.

கொண்டுவந்த படத்தை மேசையில் வைத்தார். கொடுத்த தேத்தண்ணீரைக் குடித்தார். பிறகு, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதுபோலக் கேட்டார்.

"தம்பி, இதில நான் எந்தப் பக்கத்தில வருவன்?"

முதலாளிக்கு உடனே பின்பக்கத்தில் ஏதோ அவசர வேலை வந்துவிட்டது. நான் மட்டும் அகப்பட்டுக்கொண்டேன்.

மகன் சொன்னதை மறைக்காமல் சொன்னேன். அவர் அழவில்லை. "தெரியும்," என்றார். "பிள்ளையில பிழையில்லை. தாயை நினைச்சுச் சொல்லியிருக்கும். ஆனாலும் கேட்டுப் பாப்பம் எண்டுதான் வந்தனான். எனக்கு வளவு வேண்டாம், வீடு வேண்டாம். அந்த மனுசனுக்கு நான் ஆரோ எண்டு புத்தகத்தில இருந்திடக்கூடாது. அவ்வளவுதான்."

எனக்கு அந்த அம்மாவைப் பிடித்துப்போனது. பிடித்துப்போய் என்ன செய்ய? வழியிருக்கிறதா என்று பார்ப்பதற்காக, சிவஞானத்தாரின் வாழ்க்கையைச் சொல்லச் சொன்னேன். அங்கேதான் சிக்கல். மலரக்காவுக்கு வருடக் கணக்குத் தெரியாது. மனுசன் யாரோடு கோபம் என்பதை வைத்துத்தான் காலத்தைப் பிரிப்பார்.

"கமக்காரர் சங்கத்தோட கோவிச்ச வருசம் நெல்லு நல்லா விளைஞ்சது. கோயில் சபையோட கோவிச்ச வருசம்தான் வெள்ளம். பிறகு பக்கத்து வயல்காரனோட வரம்புச் சண்டை. அதுக்குள்ள இவருக்குச் சலரோகம் வந்திட்டுது, சண்டை நிண்டு போச்சு."

"ஒருத்தரோடயும் கோபமில்லாத காலம் இருக்கோ அக்கா?"

யோசித்தார். "எனக்குக் காய்ச்சல் வந்து கிடந்த கிழமை."

அன்று பின்னேரமே எழுத உட்கார்ந்தேன். மகளின் தாளில் உள்ள அத்தனை ஒழுங்குகளையும் அவற்றின் பெயர் தெரியாமலே ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தேன். கால ஒழுங்கில் எழுதினால், மீள்குடியேற்றத்துக்குப் பிறகு சிவஞானத்தார் தனியாகச் சமைத்து, தனியாக உடுப்புத் தோய்த்து, தனக்குத் தானே இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டு வாழ்ந்த ஒரு முனிவராகத் தெரிந்தார். அவரை அறிந்த எவரும் அதை நம்பமாட்டார்கள். தனக்கொரு தேத்தண்ணீர் ஊற்றத் தெரியாத மனுசன் அவர். ஒப்பீட்டு ஒழுங்கை நினைத்தாலே பயம். முதல் மனைவியையும் இரண்டாமவரையும் ஒரு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் அந்தியேட்டி வீட்டில் அடிபிடிதான் நடக்கும். காரண காரியம் என்று போனால் இடப்பெயர்வில் தொடங்க வேண்டும். அதில் தொடங்கினால் பதினாறு பக்கம் எந்த மூலைக்கு? பிரச்சினையும் தீர்வும் என்றும் ஒரு பந்தி எழுதினேன்: துணைவியை இழந்து தனிமையில் வாடியவருக்கு ஆறுதலாக அமைந்தவர் இன்னார். அடுத்த முறை வந்தபோது மலரக்காவுக்கு அதை வாசித்துக் காட்டினேன். வாயில் சீலைத்தலைப்பை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"தீர்வோ? ஊரில நான்தான் பிரச்சினை எண்டு சொல்லுறாங்கள் தம்பி!"

சங்கத்தோடும் சபையோடும் போட்ட சண்டைகளை மட்டும் வீணாக்கவில்லை. 'நீதிக்காக எவர் முன்னும் தயங்காது குரல் கொடுத்தவர்' என்று ஒரே வரியில் அடக்கிவிட்டேன். இன்றைக்கும் அந்த வரியில் எனக்கொரு பெருமை உண்டு. சண்டைக்காரர்கள் இறந்த பிறகு எப்படிப் பெரிய மனிதர்கள் ஆகிறார்கள் என்று நீங்கள் யோசித்ததுண்டா? என்னைப்போல யாராவது ஒருவன் பார்சல் சோற்றைத் தின்றுகொண்டு ஆக்கிவைத்ததுதான்.

அந்தியேட்டிக்குச் சில நாட்கள் முன்னால் சுதன் வந்து சேர்ந்தார். விமானத் தூக்கம் கண்ணில் இருக்க, அச்சுக்கு முன் பிழை திருத்தும் புரூவ் பார்க்க அச்சகத்துக்கு வந்தார். அன்றைக்கென்று மலரக்காவும் வந்து ஒரு மூலைக் கதிரையில் இருந்தார். ஒரே வீட்டில் தங்கியிருந்த இருவரும் வெவ்வேறு வாகனத்தில் வந்திருந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள், கதைக்கவில்லை. முதலாளி எழுதாத பேனை ஒன்றை எடுத்து மூடியைக் கழற்றுவதும் பூட்டுவதுமாக இருந்தார்.

சுதன் ஒவ்வொரு பக்கமாக வாசித்தார். அப்பாவின் நோய்க்காலம் வந்ததும் நிறுத்தினார். தாளைப் பார்த்தபடியே, யாரிடமென்று இல்லாமல் கேட்டார்.

"அப்பா கடைசியா என்ன சாப்பிட்டவர்?"

"ஒண்டும் சாப்பிடேல்லை," என்றார் மலரக்கா. "கஞ்சி பருக்கினனான். உப்பில்லை எண்டு என்னைப் பேசிப்போட்டுக் கண்ணை மூடினவர். பிறகு திறக்கேல்லை."

சுதனின் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்தேன். சிரித்தார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

"அம்மாவையும் அப்பிடித்தான் பேசுறவர். ஒவ்வொரு நாளும் உப்பு."

"உப்புச் சரியா இருந்தால் புளி எண்டுவார்," என்றார் மலரக்கா.

அதற்குப் பிறகுதான் சுதன் அவரை நேராகப் பார்த்தார். நல்ல மனிதர்தான். நன்றி நவிலல் பக்கத்தைத் திருப்பி, அவரிடம் காட்டி, மிகவும் பணிவாகச் சொன்னார்: "இஞ்ச, அப்பாவை நோயில பாத்த ஆக்களுக்கு நன்றி சொல்லுற இடத்தில, உங்கட பேரை முதலாவதாப் போடச் சொல்லுறன். டொக்டருக்கும் முதல். சரிதானே?"

முக்கியத்துவ ஒழுங்கில் அதற்கு மேல் ஓர் இடம் இல்லை. டொக்டருக்கு முன்னால் ஒருவரைப் போட்டதை நான் அதுவரை கண்டதில்லை. மலரக்கா தாளைச் சுதனிடமே தள்ளினார்.

"தம்பி, நன்றி வாங்குற ஆக்களுக்குள்ள என்னைப் போடாதையுங்கோ. நன்றி சொல்லுற ஆக்களுக்குள்ள போடுங்கோ. ஏலாட்டி விடுங்கோ."

சுதன் 'இங்ஙனம்' என்பதற்குக் கீழே இருந்த பெயர்களைப் பார்த்தார். தன் பெயர், மனைவியின் பெயர், பிள்ளைகள், அப்பாவின் சகோதரர்கள், அம்மாவின் சகோதரிகள், அவர்களுடைய பிள்ளைகள். அந்த வரிசைக்குள் இவரை எங்கே வைத்தாலும் ஒரு வீடு கோபிக்கும் என்று அவருக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது, மலரக்காவுக்கும் தெரிந்தது.

அப்போது முதலாளி தொண்டையைச் செருமினார். ஏதோ பெரிய நியாயம் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

"தம்பி சுதன், குறை நினைக்கக்கூடாது. இந்தப் பேர்ப் பட்டியலால புத்தகம் பதினேழாம் பக்கத்துக்குப் போகுது. பதினேழு நாலாலை பிரிபடாது. மிச்ச மூண்டு பக்கத்துக்கு நான் எங்க போய்ப் பதிகம் தேடுவன்? பேர் எல்லாத்தையும் வெட்டிப்போட்டு, 'குடும்பத்தினர்' எண்டு ஒரு சொல்லுப் போட்டால் பதினாறில நிக்கும்."

சத்தியமாகச் சொல்கிறேன், அவருடைய மனதில் பக்கக் கணக்கைத் தவிர வேறொன்றும் இருக்கவில்லை. மலரக்காவின் கதையையே அவர் முழுதாகக் கேட்டிருக்கவில்லை. அந்த மனுசனுக்குப் புண்ணியம் சேர்ந்தது முழுக்க முழுக்க விபத்து.

சுதன் பட்டியலில் இருந்த பெயர்களை விரலால் எண்ணிப் பார்த்தார். "சரி," என்றார்.

மலரக்கா கதிரையின் நுனிக்கு வந்தார். "குடும்பத்தினர் எண்டால், அதுக்குள்ள நானும்தானே?"

சுதன் புரூவ் தாளை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். பிறகு, "ஓம்," என்றார். "நீங்களும்தான்."

அந்தியேட்டிக்கு நானும் போயிருந்தேன். புத்தகக் கட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கும் சாக்கில் சாப்பாட்டுக்குப் போவது எங்கள் தொழிலின் சலுகைகளில் ஒன்று. வாசல் படலையடியில் நின்று வந்தவர்களுக்குக் கல்வெட்டைக் கொடுத்தவர் மலரக்கா. வீட்டுக்காரர் செய்யும் வேலை அது. சுதன் அதைத் தடுக்கவில்லை. நாங்கள் எந்த ஒழுங்கில் எழுதினாலும் சனம் கல்வெட்டை ஒரே ஒழுங்கில்தான் வாசிக்கும். முதலில் படத்தைப் பார்ப்பார்கள். நல்ல படம் கிடைக்கவில்லையாக்கும் என்பார்கள். உடனே கடைசிப் பக்கத்துக்குப் போய்த் தங்கள் பெயரைத் தேடுவார்கள். நடுவில் இருக்கும் வெண்பாவையும் வரலாற்றையும், என் நீதிக்குரலையும் வாசித்த ஒருவரை நான் இன்றுவரை சந்திக்கவில்லை.

சுதனின் சின்னம்மா, அதாவது காலமான தாயின் தங்கை, யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருந்தார். மூக்குக்கண்ணாடியைப் போட்டுக் கடைசிப் பக்கத்தை மேலிருந்து கீழும் கீழிருந்து மேலும் தேடினார். பிறகு படலையடிக்கே வந்துவிட்டார்.

"இதென்ன இது? எங்கட ஆக்களின்ர பேர் ஒண்டையும் காணேல்லை!"

மலரக்கா அவருடைய கையில் இருந்த புத்தகத்தை மெல்ல வாங்கி, கடைசிச் சொல்லில் விரலை வைத்தார்.

"கோவிக்காதையுங்கோ அக்கா. இந்தா, இதுக்குள்ள நீங்களும்தான் இருக்கிறியள்."

அந்தச் சின்னம்மா அந்தச் சொல்லை ஒருமுறை வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு சாப்பிடப் போனார். நான் சிரிப்பை அடக்க முடியாமல் வேலியோரம் போய் நின்றேன். இத்தனை வருடத்தில் நான் அச்சடித்த எந்தப் புத்தகத்துக்காகவும் அவ்வளவு சந்தோசப்பட்டதில்லை.

அந்த அச்சகம் இருந்த இடத்தில் இப்போது கைபேசி திருத்துகிறார்கள். முதலாளி மகளோடு இருக்கப் பிரான்சுக்குப் போய்விட்டார். அங்கே எதை நாலால் பிரித்துக்கொண்டிருக்கிறாரோ தெரியாது. 'அப்பா'வும் 'அம்மா'வும் இருந்த கொம்பியூட்டரை இரும்பு வாங்குகிறவன் கொண்டுபோனான். இப்போது யாராவது இறந்தால் கைபேசியில் ஒரு படம் வருகிறது. பூப்போட்ட கரை, நடுவில் முகம், கீழே ஒரு விளக்கு தானாக எரிந்து அணைகிறது. நாமும் கைகூப்பும் சின்னம் ஒன்றைத் தட்டிவிட்டு அடுத்த படத்துக்குப் போகிறோம். கல்வெட்டுப் போடுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்தான். அவர்களும் பெயர்களை வெட்டச் சம்மதிப்பதில்லை, பக்கத்தைக் கூட்டச் சொல்லிவிடுகிறார்கள்.

மலரக்கா போன மாரியில் இறந்துபோனார். செய்தி கேட்டுப் பூநகரிக்குப் போனேன். அயல்வீட்டுப் பெடியள் பந்தல் போட்டிருந்தார்கள். முன்வீட்டு அம்மா கடைசி மாதம் முழுக்கச் சோறு ஊட்டியிருக்கிறார். ஓட்டோக்காரன் நடுச்சாமத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டோடியிருக்கிறான். சிவஞானத்தாரோடு வரம்புச் சண்டை பிடித்த வயல்காரன் முன்னுக்கு நின்று பாடையைத் தூக்கினான். சுதனுக்குச் சத்திரசிகிச்சை செய்திருந்ததால் வர முடியவில்லை. தொலைபேசியில் சிறு பிள்ளைபோல அழுதாராம்.

முப்பத்தோராம் நாள் கல்வெட்டு வரவில்லை. நான் எழுதிக் கொடுக்கிறேன் என்று அயலாரிடம் சொல்லிப் பார்த்தேன். எழுதவும் உட்கார்ந்தேன். கடைசிப் பக்கத்தில் போட ஊர் நிறையப் பெயர்கள் இருந்தன, ஒருவரையும் விட முடியாது. ஆனால் எல்லோரும் நன்றி வாங்குகிறவர்கள். சொல்லுகிறவர் என்று 'இங்ஙனம்' என்பதற்குக் கீழே போட அந்த வளவில் ஒருவரும் இல்லை.